பெயரும் தரமும்: பொதுப்பெயர் மருந்துகள் குறித்து ஓர் ஆய்வு

நீரிழிவு நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் ஒருவர் திங்கள்தோறும் மருந்துக் கடையை நாடிச் செல்கிறார். மருத்துவர் தந்த சீட்டில் ஒரு நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர் எழுதப்பட்டுள்ளது. அதே மருந்து, அதே அளவில், அடுத்த தெருவில் உள்ள மக்கள் மருந்தகத்தில் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அவர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே: விலையில் குறைந்தது குணத்திலும் குறைந்ததாக இருக்குமோ?

கடையின் சொந்தப் பெயரில் விற்கப்படும் உப்பு, சோப்பு, தேயிலை ஆகியவற்றைக் குறித்தும் மக்கள் இவ்வாறே ஐயுறுகின்றனர். ஆயினும் அங்கு இழப்பு சிறிது. ஒருமுறை வாங்கிப் பார்த்து, மனத்துக்கு ஒவ்வாவிடில் மறுமுறை விட்டுவிடலாம். மருந்தின் நிலை வேறு. அதன் தரத்தைக் கண்ணாலோ நாவாலோ அறிய இயலாது. நோய் தணியாதபோது குற்றம் மருந்தினுடையதா, நோயினுடையதா என்று நோயாளியால் பிரித்தறியவும் இயலாது. ஆகவே, அவர் பெயரை நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு விலையும் கொடுக்கிறார்.

இந்தியாவில் இவ்விலை பெரும்பாலும் நோயாளியின் சட்டைப்பையிலிருந்தே வருகிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலவிட்ட பங்கு, தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி, 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22-இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்த பின்னரும் இது பெருஞ்சுமையே. வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டிய நோய்கள் பெருகிவரும் இக்காலத்தில், வணிகப் பெயர் மருந்தும் பொதுப்பெயர் மருந்தும் ஒன்றுதானா என்னும் வினா பல குடும்பங்களின் வரவு செலவைத் தீர்மானிக்கும் வினாவாகும்.

ஒரு மருந்துக்கு மூன்று பெயர்கள்

ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது வேதியியல் பெயர். இது மூலக்கூறின் அமைப்பை விவரிப்பது, நீண்டது, அன்றாட வழக்குக்கு ஏலாதது. இரண்டாவது பொதுப்பெயர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி, ஒரு மருந்துப் பொருளுக்கு எல்லா நாடுகளிலும் வழங்கத்தக்க ஒரு பெயர் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அத்தகைய பெயர்களின் முதற் பட்டியல் 1953-இல் வெளியிடப்பட்டது. பொதுப்பெயர் எவருக்கும் தனி உடைமை அன்று. மூன்றாவது வணிகப் பெயர். இது ஒரு நிறுவனம் தன் சரக்கை அடையாளப்படுத்தச் சூட்டிப் பதிவு செய்துகொள்வது.

காய்ச்சலுக்கும் வலிக்கும் வழங்கப்படும் பாரசிட்டமால் என்பது பொதுப்பெயர். குரோசின், கால்பால், டோலோ முதலியன அதன் வணிகப் பெயர்கள். பெயர்கள் வேறாயினும் உள்ளிருந்து வேலை செய்யும் வினைப்பொருள் ஒன்றே. மக்கள் 'ஜெனரிக்' என வழங்கும் மருந்துகள், வினைப்பொருளின் பொதுப்பெயரிலேயே விற்கப்படுபவை.

இந்திய நிலையின் தனித்தன்மை

மேலைநாடுகளில் வணிகப் பெயர் மருந்து என்பது பெரும்பாலும் அம்மருந்தைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற நிறுவனத்தின் மருந்தைக் குறிக்கும். காப்புரிமைக் காலம் முடிந்தபின் பிற நிறுவனங்கள் ஆக்குவது பொதுமருந்து எனப்படும். இவ்வேறுபாட்டை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்திப் பார்ப்பது பிழையாக முடியும்.

விடுதலைக்குப் பின்னரும் நாட்டில் 1911-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நீடித்தது. மருந்துத் துறையில் அயல்நாட்டு நிறுவனங்களின் கை ஓங்கியிருந்தது. இந்நிலையை மாற்றும் பொருட்டு 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனமும், 1961-இல் ஐ.டி.பி.எல். எனப்படும் இந்திய மருந்து நிறுவனமும் அரசுத் துறையில் தொடங்கப்பட்டன. 1970-இல் இயற்றப்பெற்று 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனை ஆக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என வகுத்தது. இதன் பயனாக, ஒரே மருந்தை வேறு முறையில் ஆக்கும் இந்திய நிறுவனங்கள் பல தோன்றின. பொருளுக்கான காப்புரிமை 2005 சனவரி முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இவ்வாறு தோன்றிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் மருந்துக்கு ஒரு வணிகப் பெயரைச் சூட்டின. ஆகவே, இந்தியச் சந்தையில் காணப்படும் வணிகப் பெயர் மருந்துகளுள் மிகப் பெரும்பாலானவை கண்டுபிடித்த நிறுவனத்தின் மருந்துகள் அல்ல, அவையும் பொதுமருந்துகளே. அவை பெயர் பூண்ட பொதுமருந்துகள். மற்றவை பெயர் பூணாதவை. இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே உரிமமுறை. 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் சட்டம் பெயரை வைத்துத் தரத்தில் ஏற்றத்தாழ்வு கற்பிக்கவில்லை. 1955-இல் முதற் பதிப்பு வெளிவந்த 'இந்தியன் ஃபார்மகோபியா' என்னும் மருந்துத் தரநூல் விதிக்கும் அளவுகள் இருவகைக்கும் பொது. பாரசிட்டமால் மாத்திரையில் குறிப்பிட்ட அளவில் 95 முதல் 105 விழுக்காடு வரை வினைப்பொருள் இருத்தல் வேண்டும் என அந்நூல் கூறுமாயின், அது விலை உயர்ந்த மாத்திரைக்கும் விலை குறைந்த மாத்திரைக்கும் ஒருங்கே பொருந்தும்.

ஒரே ஆலை, இரு பெயர்கள்

மருந்து அட்டையின் பின்புறத்தைக் கூர்ந்து நோக்கினால், 'தயாரிப்பாளர்' என்றொரு பெயரும் 'விற்பனையாளர்' என்றொரு பெயரும் தனித்தனியே அச்சிடப்பட்டிருப்பதைப் பல வேளைகளில் காணலாம். பெரிய நிறுவனங்கள் தம் மருந்துகள் அனைத்தையும் தாமே ஆக்குவதில்லை. இமாசலப் பிரதேசத்தின் பத்தி போன்ற இடங்களில் உள்ள ஆலைகள் பல நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் மருந்து ஆக்கித் தருகின்றன. ஒரே ஆலையிலிருந்து பல பெயர்கள் வெளிவருவது இத்துறையில் இயல்பான நடைமுறை.

இதற்கு நேர்மாறான நடைமுறையும் உண்டு. ஒரே நிறுவனம் ஒரே மருந்தை இருவகையாக விற்கும். ஒன்று, மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்லிப் பரப்பப்படும் வணிகப் பெயர் மருந்து. மற்றொன்று, மருத்துவரிடம் பரப்பப்படாமல் கடைகளுக்கு நேரே அனுப்பப்படும் மலிவு வகை. இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2011-இல் இந்திய மருந்தியல் ஆய்விதழில் வெளிவந்தது. ஆல்பிரசோலம், செட்டிரிசின், சிப்ரோஃபிளாக்சசின், ஃபுளுவாக்செட்டின், லான்சோபிரசோல் ஆகிய ஐந்து மருந்துகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரே நிறுவனத்தின் இருவகைகளும் சோதிக்கப்பட்டன. தரத்தில் இருவகையும் விதித்த எல்லைக்குள்ளேயே இருந்தன.

வேறுபாடு தரத்தில் இல்லை, இலாபத்தில் இருந்தது. வணிகப் பெயர் மருந்தில் கடைக்காரருக்குக் கிடைத்த இலாபம் கொள்முதல் விலையில் 25 முதல் 30 விழுக்காடு. மலிவு வகையில் அது 201 முதல் 1,016 விழுக்காடு வரை இருந்தது. அதாவது, கடைக்காரர் 10 ரூபாய்க்கு வாங்கிய வணிகப் பெயர் மருந்தின் அச்சிட்ட விலை ஏறத்தாழ 13 ரூபாய். அதே 10 ரூபாய்க்கு வாங்கிய மலிவு வகையின் அச்சிட்ட விலையோ 30 ரூபாயிலிருந்து 111 ரூபாய் வரை.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. வணிகப் பெயர் மருந்து மருத்துவரிடம் விற்கப்படுகிறது; மலிவு வகை கடைக்காரரிடம் விற்கப்படுகிறது. முன்னதில் விளம்பரச் செலவும் பின்னதில் கடை இலாபமும் விலையில் ஏறுகின்றன. இரண்டிலும் பணம் கொடுப்பவர் நோயாளியே. இரண்டிலும் தேர்வு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. பொதுமருந்து மலிவாக ஆக்கப்படுவதனால் மட்டும் அது நோயாளிக்கு மலிவாகக் கிடைத்துவிடாது என்பதையும் இவ்வாய்வு உணர்த்துகிறது.

வேறுபாடு எங்கே எழக்கூடும்?

வினைப்பொருளும் அளவும் ஒன்றாயின் இரு மாத்திரைகளும் எப்போதும் ஒன்றேதான் என்று முடிவு கட்டிவிடலாகாது. மாத்திரையில் வினைப்பொருளோடு மாவுப்பொருள், பசை, மேற்பூச்சு முதலிய துணைப்பொருள்களும் உள்ளன. மாத்திரை வயிற்றில் எவ்வளவு விரைவில் உடைகிறது, எவ்வளவு கரைகிறது, குருதியில் எவ்வளவு சேர்கிறது என்பவற்றை இத்துணைப்பொருள்களும் ஆக்கும் முறையும் பாதிக்கக்கூடும்.

இதற்கு மருத்துவ வரலாற்றில் இரு சான்றுகள் பெயர்பெற்றவை. 1968-69-இல் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் உட்கொண்ட நோயாளிகள் பலரிடம் நச்சுக்குறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. மருந்துக் கூட்டில் துணைப்பொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாகப் பாற்சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. அம்மாற்றத்தால் மருந்து மிகுதியாகக் குருதியில் கலந்தது. 1971-இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வில், இதய நோய்க்கான டைகாக்சின் மாத்திரைகள் வெவ்வேறு தயாரிப்புகளில் ஒரே அளவினவாக இருந்தும் குருதியில் சேர்ந்த அளவு ஏழு மடங்கு வரை வேறுபட்டது.

இத்தகைய பட்டறிவிலிருந்தே 'உயிரியல் சமன்மை' என்னும் சோதனை உருவாயிற்று. உடல்நலமுடைய தன்னார்வலர்களுக்கு மூல மருந்தையும் பொதுமருந்தையும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்து, குருதியில் சேரும் அளவும் வேகமும் ஒப்பிடப்படுகின்றன. இரண்டன் விகிதத்துக்குக் கணக்கிடப்படும் 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி முழுவதும் 80-க்கும் 125-க்கும் இடையே அடங்க வேண்டும் என்பது விதி. இதனைப் பலர் தவறாகப் பொருள் கொண்டு, பொதுமருந்து 20 விழுக்காடு குறைவாகவோ 25 விழுக்காடு மிகுதியாகவோ இருக்கலாம் என்கின்றனர். இடைவெளி முழுவதும் அவ்வெல்லைக்குள் அடங்க வேண்டுமாயின், சராசரி வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தாக வேண்டும். அமெரிக்க அரசு 1996 முதல் 2007 வரை பெற்ற 2,070 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, சராசரி வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடே எனத் தெரியவந்தது.

இந்தியாவில் ஒரு புதிய மருந்து முதலில் ஏற்பளிக்கப்பட்ட நான்கு ஆண்டுகளுக்குள் அதனை ஆக்க முன்வருவோரிடம் மட்டுமே இச்சோதனை நெடுங்காலம் கோரப்பட்டது. அதன்பின் வருவோர் மாநில அதிகாரியிடம் உரிமம் பெற்றால் போதும் என்ற நிலை இருந்தது. 2017 ஏப்ரலில் விதிகள் திருத்தப்பட்டு, நீரில் எளிதில் கரையாத மருந்துகளை வாய்வழி உட்கொள்ளும் வடிவில் ஆக்க உரிமம் கோருவோர், காலவரையறை இன்றி, இச்சோதனையின் முடிவை அளித்தல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், அதற்கு முன்னரே சந்தையில் நிலைபெற்ற மருந்துகள் பலவற்றுக்கு இச்சான்று இல்லை. இக்குறை பொதுப்பெயர் மருந்துக்கு மட்டும் உரியதன்று; வணிகப் பெயர் பூண்ட மருந்துகள் பலவற்றுக்கும் உரியது.

பயனளிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்துகள் சில உள. ஃபெனிடாயின், டைகாக்சின், குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் ஆகியன அத்தகையவை. இவற்றில் ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதாயின், மருத்துவரின் அறிவுரையும் குருதிச் சோதனையும் வேண்டும். இவ்விழிப்பு பெயரிலிருந்து பெயருக்கு மாறும்போதும் வேண்டப்படுவதே.

பெயர் காக்குமா?

1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகள் 14 பேர் உயிரிழந்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கிளிசராலில் டைஎத்திலின் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. நீதிபதி லென்டின் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் கொள்முதல், சோதனை, கண்காணிப்பு ஆகிய எல்லா நிலைகளிலும் நேர்ந்த தவறுகளை வெளிக்கொணர்ந்தது. மலிவு விலைக்கு வாங்கிச் சோதிக்காமல் கொடுத்ததன் விளைவு அது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2025-இல், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து அருந்திய குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கப்பட்ட அம்மருந்திலும் அதே நச்சுப்பொருள் கண்டறியப்பட்டது. அது பெயரற்ற மருந்து அன்று. வணிகப் பெயர் பூண்டு, மருத்துவரின் சீட்டில் எழுதப்பட்டு விற்கப்பட்ட மருந்தாகும். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், உயிரைக் காப்பதும் கெடுப்பதும் பெயர் அன்று, மூலப்பொருளைச் சோதிக்கும் ஒழுங்கே என்பது விளங்கும்.

2014-16-இல் நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் நிறுவனத்தின் பொறுப்பில் நாடு தழுவிய மருந்து ஆய்வு நடத்தப்பெற்றது. 47,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சோதிக்கப்பட்டன. போலி மருந்துகள் ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவைக்கூட எட்டவில்லை. ஆனால், தரம் குன்றிய மருந்துகள் சில்லறைக் கடைகளில் ஏறத்தாழ 3 விழுக்காடாகவும், அரசு வழங்கும் வழிகளில் ஏறத்தாழ 10 விழுக்காடாகவும் இருந்தன. ஏழை நோயாளிகள் பெரிதும் நம்பியிருக்கும் வழியிலேயே குறை மிகுந்திருந்தது என்பது அதிகாரிகள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மிகக் குறைந்த விலைப்புள்ளி என்ற ஒன்றை மட்டும் நோக்கி வாங்குவதும், வெயிலும் ஈரமும் புகும் கிடங்கில் காப்பதும் நல்ல மருந்தையும் கெடுக்கவல்லன.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு திங்கள்தோறும் தரம் குன்றிய மருந்துத் தொகுதிகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதில் சிறு நிறுவனங்களின் மருந்துகளோடு புகழ்பெற்ற பெயர்களும் இடம்பெற்றுள்ளன. பெயரின் புகழைக் கண்டு போலி செய்வோர் அப்பெயரையே நாடுவதும் உண்டு.

பெயரை நீக்கும் முயற்சிகள்

வணிகப் பெயர்களைக் கைவிட வேண்டும் என்னும் கருத்து புதிதன்று. 1974-இல் ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் அமைக்கப்பெற்ற குழு, 1975-இல் அளித்த அறிக்கையில் வணிகப் பெயர்களைப் படிப்படியாக நீக்கவும், முதற்கட்டமாக 13 மருந்துகளில் நீக்கவும் பரிந்துரைத்தது. 1981-இல் அனால்ஜின், ஆஸ்பிரின், குளோர்புரோமசின், இரும்பு சல்ஃபேட், பைப்பரசின் ஆகிய ஐந்து மருந்துகளுக்கு வணிகப் பெயரை விலக்க அரசு முனைந்தது. நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. அம்முயற்சி நிலைபெறவில்லை.

இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகள், மருத்துவர்கள் இயன்றவரை பொதுப்பெயரில் மருந்து எழுத வேண்டும் என்றன. 2016-இல் இவ்விதி மேலும் வலுப்படுத்தப்பட்டது. 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் இதனைக் கட்டாயமாக்கி விதிகள் வெளியிட்டது. அதே திங்களின் இறுதிக்குள் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. எல்லா நிறுவனங்களின் மருந்தும் ஒரே தரத்தன என்னும் உறுதி கிடைக்காத வரையில், பெயரை நீக்குவது தேர்வு செய்யும் பொறுப்பை மருத்துவரிடமிருந்து கடைக்காரரிடம் மாற்றுவதாகவே முடியும் என்று மருத்துவர்கள் வாதிட்டனர். மேலே கண்ட இலாப விகிதங்களை எண்ணிப் பார்க்குங்கால், இவ்வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. அதே வேளையில், இவ்வுறுதியை வணிகப் பெயரும் தருவதில்லை என்பதை மறக்கவும் இயலாது.

சட்டத்திலும் ஒரு முடிச்சு உள்ளது. மருத்துவர் எழுதிய மருந்துக்குப் பதிலாக, வினைப்பொருள் ஒன்றேயாயினும், வேறொரு தயாரிப்பை மருந்தாளுநர் வழங்கலாகாது என 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள், சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளைப் பொறுத்துக் கூறுகின்றன. நோயாளி விரும்பினாலும், சீட்டில் வணிகப் பெயர் இருக்குமாயின், கடையில் அதனை மாற்றிப் பெற விதி இடந்தருவதில்லை. ஆகவே, தேர்வு மருந்துச் சீட்டிலேயே தொடங்க வேண்டியுள்ளது.

கொள்முதலில் கண்ட வழி

பெயரைச் சட்டத்தால் நீக்குவதில் தடை நேர்ந்தபோதிலும், அரசு தானே வாங்கும் மருந்தில் பெயரை நோக்காமல் தரத்தை மட்டும் நோக்க முடியும் என்பதைச் சில மாநிலங்கள் காட்டியுள்ளன. 1994-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, தயாரிப்பாளரின் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் சோதனைக் கூடங்களுக்கு அனுப்பப்படுகிறது. சோதனையில் தேறிய பின்னரே மருந்து மருத்துவமனைக்குச் செல்கிறது. சோதிப்பவர் பெயரை அறியாமலே தரத்தைக் கூறுகிறார் என்பதே இம்முறையின் உயிர்நாடி. இராசத்தான் மாநிலம் இதனையொத்த ஏற்பாட்டைக் கொண்டு, 2011 அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் விலையில்லா மருந்துத் திட்டத்தை நடத்தி வருகிறது.

மத்திய அரசின் ஜன் ஔஷதி திட்டம் கடைவழியைப் பின்பற்றுகிறது. இதன் முதல் நிலையம் 2008 நவம்பரில் அமிர்தசரசில் திறக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் மெல்ல வளர்ந்த இத்திட்டம் பின்னர் விரிவடைந்தது. 10,000-ஆவது நிலையம் 2023 நவம்பரில் தேவ்கரில் தொடங்கப்பெற்றது. இங்கு விற்கப்படும் மருந்தின் விலை, முன்னணியில் உள்ள மூன்று வணிகப் பெயர் மருந்துகளின் சராசரி விலையில் பாதியை மிஞ்சலாகாது என்பது விதி. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நல்லாக்க நெறிச் சான்று பெற்ற ஆலைகளிலிருந்தே மருந்து வாங்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியும் ஏற்புப் பெற்ற சோதனைக் கூடத்தில் சோதிக்கப்பட வேண்டும். இவ்வளவுக்குப் பின்னரும் சில தொகுதிகள் தரம் தவறியதும், அவற்றை ஆக்கிய நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதும் உண்டு. இது சோதனை வீண் என்பதைக் காட்டவில்லை. சோதனையை ஒருபோதும் தளர்த்தலாகாது என்பதையே காட்டுகிறது.

வாங்குவோர் அறிய வேண்டுவன

மருந்து அட்டையில் வணிகப் பெயரைக் காட்டிலும் பொதுப்பெயர் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும் என 2018-இல் விதி செய்யப்பட்டது. இரு மருந்துகளை ஒப்பிடுவோர் முதலில் இப்பொதுப்பெயரையும் அளவையும் நோக்க வேண்டும். அடுத்து வடிவத்தை நோக்க வேண்டும். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் சாதாரண மாத்திரையும், அதே அளவில் மெல்ல மெல்லக் கரையும் மாத்திரையும் ஒன்றல்ல. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. பல வினைப்பொருள்கள் கலந்த மாத்திரையாயின், அவற்றுள் ஒவ்வொன்றும் ஒத்திருத்தல் வேண்டும். பெயருக்குப் பின் 'ஐ.பி.' என்னும் குறி இருப்பின், அம்மருந்து இந்தியத் தரநூலின் அளவுகளுக்கு உட்பட்டது என்பது பொருள். உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றையும் காணல் வேண்டும். பற்றுச்சீட்டு பெறுதல் இன்றியமையாதது. தொகுதி எண்ணுடன் கூடிய பற்றுச்சீட்டு இன்றி எவ்வித முறையீடும் வலுப்பெறாது.

முடிவுரை

வணிகப் பெயர் மருந்தும் பொதுப்பெயர் மருந்தும் ஒன்றுதானா என்னும் வினாவுக்கு விடை இதுவே: இரண்டும் ஒரே சோதனையில் தேறியிருப்பின் ஒன்றே, தேறாதிருப்பின் பெயர் எதனையும் காக்காது. நோயாளி பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை, உண்மையில் நம்பிக்கைக்காகக் கொடுக்கும் விலையாகும். அந்நம்பிக்கையை அரசின் சோதனைக் கூடம் தருமாயின், ஒவ்வொரு நோயாளியும் அதனைத் தனித்தனியே விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

இதற்கு வேண்டுவன தெளிவானவை. நிலைபெற்ற பழைய மருந்துகளுக்கும், பெயர் நோக்காது, கரைதல் சோதனையும் உயிரியல் சமன்மைச் சோதனையும் படிப்படியாக விரிவாக்கப்பட வேண்டும். 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்திய நல்லாக்க நெறிகள் சிறு ஆலைகளிலும் உண்மையாக நடைமுறைக்கு வர வேண்டும். அதற்குரிய ஆய்வாளர்களும் சோதனைக் கூடங்களும் மாநிலந்தோறும் போதிய அளவில் இருத்தல் வேண்டும். 300 வணிகப் பெயர் மருந்துகளின் அட்டைகளில் கியூ.ஆர். குறியீடு 2023 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வசதி பெயரற்ற மருந்துக்கும் கிடைக்க வேண்டும். பொதுமருந்தின் அச்சிட்ட விலைக்கும் கொள்முதல் விலைக்கும் இடையே உள்ள பெரும் இடைவெளி குறைக்கப்பட வேண்டும். அப்போதே மலிவின் பயன் நோயாளியைச் சேரும்.

இவை நிறைவேறுங்கால், மருத்துவர் பொதுப்பெயரை அச்சமின்றி எழுதுவார். மருந்தாளுநர் அதனைத் தயக்கமின்றி வழங்குவார். திங்கள்தோறும் மருந்துக் கடைக்குச் செல்லும் அந்நீரிழிவு நோயாளி, அடுத்த தெருவுக்கு நடந்து சென்று பாதி விலையில் வாங்கிய மாத்திரையை ஐயமின்றி உட்கொள்வார்.